டெனிஸின் மகளும் சூசைரட்ணத்தின் மகளும்

ஒஸ்லோ நகரின் குரோருட்டில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் புளோறன்ஸ் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே அவளோடு சேர்ந்து சட்டிபானைகளோடு மல்லுக்கட்டுகிறவள் ஐலின். பார்வைக்கு அசல் நோர்வேக்காரி. ஆனால் அவளுடைய அம்மாவின் தகப்பன் டெனிஸ் டொயில் அயர்லாந்துக்காரர். 1905இல் வேலை தேடி ஒஸ்லோவுக்கு வந்து, ஆற்றங்கரை நெசவாலையில் இயந்திரம் திருத்தியவர்.

ஐலினின் தாய் கத்லீன் அதே இல்லத்தின் இரண்டாம் மாடியில் படுத்திருந்தார். தொண்ணூற்றிரண்டு வயது, இருதயம் இன்றைக்கோ நாளைக்கோ என்ற நிலை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தங்கை நோராவுக்கு என்ன ஆனது? 1918இல் வந்த விஷக்காய்ச்சலில் தாய் செத்துப்போக, டெனிஸ் ஏழு வயதுக் கத்லீனைத் தன்னோடு வைத்துக்கொண்டு, நாலு வயது நோராவை யாரிடமோ கொடுத்துவிட்டார். யாரிடம் என்று கடைசிவரை வாயே திறக்கவில்லை. எண்பத்தைந்து வருடமாக அந்தக் கேள்வி கத்லீனின் நெஞ்சில் கிடந்தது.

அந்த வலி புளோறன்ஸுக்கு விளங்கும். அவளுடைய தம்பி மரியதாஸ் 1990இல் இலங்கை யுத்தத்துக்குத் தப்பி, மன்னார்ப் பேசாலையிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவன். கரை சேர்ந்தான் என்றவரும் உண்டு, சேரவில்லை என்றவரும் உண்டு. இந்தியாவுக்குப் போகிற யாரைக் கண்டாலும் அவள் ஒரு துண்டில் தன் பெயரும் விலாசமும் எழுதி, அகதி முகாம்களில் கொடுக்கும்படி கெஞ்சுவாள். ஒரு பதிலும் வந்ததில்லை. ஆகவே ஐலின் தேடத் தொடங்கியபோது, புளோறன்ஸும் கேட்காமலே கூடச் சேர்ந்துகொண்டாள்.

சொந்தக்காரரைக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை. லோறென்ஸ்கூக்கில் இருந்த உறவுக்காரி, நோராவும் அதே காய்ச்சலில் போய்விட்டாள் என்று அடித்துச் சொன்னாள். ஹவுகெட்டோவில் இருந்த கிழவர் தன் கதையில் அவளை அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். ஐலின் விடவில்லை. மூன்றாம் முறை கேக்கும் கையுமாகப் போனபோதுதான் அந்த மனுசனுக்கு உண்மையான ஞாபகம் வந்தது. ஹாடலாண்டு என்ற நாட்டுப்புறத்திலிருந்து வந்த ஒரு பண்ணைக்காரி பிள்ளையை ரயிலில் கூட்டிக்கொண்டு போனாளாம். பிள்ளையின் ஒரு கையில் மட்டும்தான் கையுறை இருந்ததாம். அதைக் கண்ணால் கண்ட கிழவரின் தாய் சாகும்வரை சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாராம்.

அதன் பிறகு ஐலின் லீவு நாளெல்லாம் ஆவணக் காப்பகமே கதியென்று கிடந்தாள். ஹாடலாண்டுத் தேவாலயப் புத்தகங்கள், பள்ளிக்கூடப் பதிவேடுகள் என்று எல்லாவற்றையும் புரட்டினாள். நோரா டொயில் என்று ஒருத்தி அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. மார்ச் மாதத்தில் ஒருநாள், உருளைக்கிழங்குத் தட்டத்துக்கு முன்னால் நின்று, இனி அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று அழுதுவிட்டாள்.

புளோறன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் இருவரும் கதைப்பது நோர்வேஜிய மொழிதான். புளோறன்ஸ் கதைத்தால் அதுவும் பேசாலைத் தமிழ் மாதிரித்தான் கேட்கும்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு குடும்பப் பேர் என்னத்துக்குத் தெரியும்? அப்பான்ரை பேர்தான் தெரியும். எங்கடை ஆக்களுக்குக் குடும்பப் பேரெண்டே ஒண்டு இல்லை, அப்பான்ரை பேர்தான். டெனிஸின்ரை மகள் எண்டு தேடிப் பார்."

ஐலின் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். அந்தக் காலத்து நோர்வேக் கிராமங்களிலும் அதே வழக்கம்தான் இருந்தது. தன் தகப்பன் வழிப் பூட்டிமாரெல்லாம் இன்னாரின் மகள் என்றே எழுதப்பட்டவர்கள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அடுத்த கிழமை காப்பகத்துக்குப் போனாள். 1921ஆம் ஆண்டுப் பள்ளிக்கூடப் பதிவேட்டில், நோரா டெனிஸ்டாத்தர், அதாவது டெனிஸின் மகள் நோரா, வயது ஏழு, வளர்ப்புப் பிள்ளை என்று இருந்தது. பக்கத்தில் பண்ணையின் பெயரும் இருந்தது.

அந்தப் பண்ணையில் நோராவின் மகள் குன்வோர் இன்னமும் மாடு வளர்த்துக்கொண்டிருந்தாள். நோரா இறந்து ஏழு வருடம். குன்வோர் ஈஸ்டருக்கு முந்தின வெள்ளிக்கிழமை மூன்று கடிதங்களோடு இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தாள். கோப்பித் தட்டோடு போன புளோறன்ஸ் அங்கேயே நின்றுவிட்டாள்.

மூன்றும் 1932இல் நோரா தன் அக்காவுக்கு எழுதியவை. தெருவும் வீட்டு இலக்கமும் வளர்ப்புத் தாய் சொன்னவை. உறையில் கத்லீன் டெனிஸ்டாத்தர் என்று இருந்தது. ஊரே தன்னை அப்படித்தான் கூப்பிட்டதால், அக்காவும் அப்படித்தான் இருப்பாள் என்று நோரா நினைத்திருக்கிறாள். ஆனால் அந்த வீட்டுக் கதவில் டொயில் என்றல்லவா எழுதியிருந்தது? திரும்பி வந்த மூன்று உறையிலும் தபால்காரரின் சிவப்புப் பென்சிலால் ஒரே வரி: இந்தப் பெயரில் இங்கே எவரும் இல்லை.

கத்லீன் அந்த வரியை விரலால் தடவினார்.

"அந்த வீட்டிலைதான் நான் இருந்தனான்," என்றார்.

பிறகு, அவள் என்னைத் தேடினாளா என்று இரண்டு தரம் கேட்டார். தேடினா என்று குன்வோர் இரண்டு தரமும் சொன்னாள். கிழவி கடிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல அழுதார். துக்கமும் சந்தோசமும் அதில் சரிபாதி. ஐலின் புளோறன்ஸைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். புளோறன்ஸின் காதில் அது ஏறவில்லை. அவள் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தவள், மாடி ஏறாமல் கீழே தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்றாள். அவர்களுடைய பெட்டியில் கணவரின் பெயர் மட்டும் இருந்தது: அருளானந்தன். ஊரிலிருந்து வருகிற கடிதமெல்லாம் அவர் பெயருக்கே வரும். வேலையிடத்திலும் வங்கியிலும் அவள் புளோறன்ஸ் அருளானந்தன். ஆனால் முகாம்களுக்குக் கொடுத்தனுப்பிய ஒவ்வொரு துண்டிலும், தம்பிக்குத் தெரிந்த பெயரைத்தான் அவள் எழுதியிருந்தாள். சூசைரட்ணம் புளோறன்ஸ். பெட்டியில் இல்லாத பெயருக்குத் தபால்காரர் கடிதம் போடுவதில்லை என்பது குரோருட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

குப்பை கொட்ட இறங்கி வந்த அருளானந்தன், மனைவி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பயந்துபோனார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருசம். எத்தினை கடிதம் திரும்பிப் போச்சுதோ?"

அருளானந்தன் சட்டதிட்டத்துக்குப் பயந்த மனிதர். பெட்டியில் கடதாசி ஒட்டக்கூடாது என்று குடியிருப்புச் சங்கம் அனுப்பிய அறிவித்தலைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருப்பவர். அவரே மேலே போய், வெள்ளை ஒட்டுத்தாளும் தடித்த பேனையும் கொண்டுவந்தார். தன் பெயருக்கு மேலே சூசைரட்ணம் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். பிறகு சற்று யோசித்துவிட்டு, இன்னொரு துண்டு வெட்டி மரியதாஸ் என்று எழுதினார்.

"அவன்ரை பேர் என்னத்துக்கு?" என்றாள் புளோறன்ஸ்.

"கடிதம்தான் வரவேணுமெண்டு இல்லையே. ஆளே வந்து நிண்டாலும், வீடு இதுதானெண்டு தெரியவேணும்."

அவள் அந்தத் துண்டை வாங்கி, தகப்பனின் பெயருக்குக் கீழே ஒட்டி, ஓரங்கள் எழும்பாதபடி பெருவிரலால் அழுத்தினாள்.