வீட்டையும் சேர்த்தொரு விருந்து

எளிய திருமணமாம், எளிய திருமணம்! செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள், கழுத்துப்பட்டை வேண்டா, கடற்காற்று ஒன்றே அணி என்று அழைப்பில் அச்சிட்டார்களே, அந்தச் செருப்பில்லாக் கால்கள் வீட்டுக்குள் கொண்டுவரும் மணலைக் கூட்டி அள்ளப்போகிறவள் யார் என்று ஒரு நொடியேனும் நினைத்தார்களா? ஊரே இளைப்பாற ஒருத்தி இளைக்க வேண்டும். அதற்கு இவர்கள் இட்ட பெயர் எளிமை.

லிடியா இதைத் தன்னுள் சொல்லிக்கொண்டாளேயன்றி வாய்திறந்து சொன்னாளில்லை. காலைமுதல் இதழ்களில் மாட்டியிருந்த புன்னகை, ஆணியில் தொங்கும் மழையங்கியைப் போல, அசையாமல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையில், கோல்டர் முனையில் அப்போது நண்பகல் சாய்ந்திருந்தது. விடியலில் ஊரை விழுங்கிய மூடுபனி, விழுங்கியது செரியாமல் மெல்ல மெல்லக் கக்குவதுபோல், முதலில் தீவுகளின் ஊசியிலை மரமுடிகளையும், பின்பு துறையில் கட்டிய படகுகளையும், இறுதியாகக் கரும்பாறைகளையும் ஒவ்வொன்றாய் வெளிவிட்டு விலகியிருந்தது. கடல் வற்றிப் பின்வாங்கிய இடத்தில், செம்பழுப்புப் பாசி போர்த்த கற்கள் நீராடிக் கரையேறிய கடல்நாய்களெனப் பளபளத்துக் கிடக்க, சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளின் இடம் காட்டும் வண்ண மிதவைகள், யார் சொல்வதற்கும் தலையாட்டும் நல்லவர்களைப் போல நீர்மேல் ஆடிக்கொண்டிருந்தன. இவை அனைத்தையும் நோக்கியவாறு, உப்புக்காற்றில் நரைத்த மரச்சில்லுகள் வேய்ந்த சுவர்களோடும், கடலைப் பார்த்தே பழகிய சன்னல்களோடும் மேட்டின்மேல் நின்றது அந்த வீடு. படிப்பவரே, அவ்வீட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நடக்கப்போவதெல்லாம் அதன்பொருட்டே.

தந்தை மறைந்தபோது அது லிடியாவுக்கும் அவள் தம்பி ஆல்டனுக்கும் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஒருவர் இசையாமல் மற்றவர் அதைப் பிறர்க்குத் தர இயலாது. உரிமை இருவர்க்கும் ஒப்பாயினும் வாழ்க்கை ஒப்பன்று. ஆல்டன் கோடை வந்தால் குடும்பத்தோடு வருவான். பாய் விரித்துப் படகோட்டி, மட்டி தின்று, மேனி சிவந்து, இலை பழுக்குமுன் திரும்பிவிடுவான். லிடியாவோ துறைமுகப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்துகொண்டு, வாடைக்காற்று சன்னலைப் பிடித்து உலுக்கும் நாளெல்லாம் அங்கேயே இருந்து, குழாய் நீர் உறையாமல் அடுப்பெரித்து, கூரைப் பனியைத் தள்ளி, அவ்வீட்டோடு மூச்சுக்கு மூச்சு வாழ்ந்தாள். இப்போது ஆல்டனின் ஒரே மகள் மேரனுக்கு அங்கே திருமணம். நாளை மாலை கடலோரத்தில் மணவினை. இன்று வெளியூர் விருந்தினர் வந்திறங்கும் நாள்.

வருகிற ஒவ்வொருவர்க்கும் ஒரு துணிப்பை தரவேண்டும் என்பது மணமகள் வீட்டார் முறை. வெயில் களிம்பு, கொசுவிரட்டி, தண்ணீர்ப் புட்டி, உப்புநீர் மிட்டாய் எல்லாவற்றையும் மூன்று மாலைகள் அமர்ந்து அடைத்தவள் லிடியாதான். தாழ்வாரத்து மேசைக்குப் பின்னால் நின்று, பெயர் கேட்டு, கைகுலுக்கி, பையைக் கொடுத்து, அவரவர் தங்குமிடத்துக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தாள்.

மணமகன் நோலனின் மாமன் வால்ட், வெளிறிய முழங்கால்கள் தெரியும் அரைக்காற்சட்டையோடு ஒகையோவிலிருந்து வந்து இறங்கினார்.

"ஏம்மா, இந்தக் கடல்ல குளிக்கலாமா?"

"தாராளமா. வெளிய வரும்போது ரெண்டு காலும் இருக்கான்னு மட்டும் எண்ணிப் பாத்துக்குங்க. அவ்ளோ குளிரு."

"காலு போனா போகட்டும்," என்று பின்னாலிருந்து வந்தாள் அவர் மனைவி டாட்டி. "இவரு வாய் உறையுமான்னு கேட்டுச் சொல்லு. உறையும்னா நானே புடிச்சுத் தள்ளிடுறேன்."

லிடியா உண்மையாகவே சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கண்டு நெருங்கிய டாட்டி, பையை வாங்கிய கையாலேயே அவள் கையையும் சேர்த்துப் பற்றிக்கொண்டாள்.

"உன் மனசு யாருக்கும் வராது கண்ணு. இவ்ளோ பெரிய வீட்டைச் சின்னஞ்சிறுசுங்களுக்குத் தூக்கிக் குடுக்கறதுன்னா சும்மாவா? எங்கம்மா செத்தப்போ ஒரு தையல் மெஷினுக்கு நாங்க அக்கா தங்கச்சிங்க ரெண்டு வருஷம் பேசிக்கல."

"எந்த வீட்டை?"

"இதைத்தான். குளிர் வர்றதுக்குள்ள நீ போர்ட்லண்டுக்குப் போயிடுவியாமே, தம்பி வீட்டுப் பக்கத்துல சின்னதா ஒரு இடத்துக்கு. உன் தம்பிதான் போன்ல சொன்னாரு. நான் அழுதே போயிட்டேன், இவரைக் கேளு." லிடியாவின் முகத்தைப் பார்த்து அவள் குரல் தாழ்ந்தது. "ஐயையோ, இன்னும் சொல்லக்கூடாதா?"

"உங்களுக்கு மாடியில இடதுபக்க அறை," என்றாள் லிடியா. "சன்னல் கொஞ்சம் இறுகும். மேல தூக்கி இழுங்க."

அடுத்தவர் வந்தார், பை கொடுத்தாள். அதற்கடுத்தவர் வந்தார், அவருக்கும் கொடுத்தாள். கை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, நெடுநாள் பூட்டிக்கிடந்த அறைக்குள் யாரோ நடமாடுவதுபோல் அடிவைத்துக்கொண்டிருந்தது. அது துயரம் என்றே முதலில் எண்ணினாள். துயரமென்றால் கண்ணீர் வரும் என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை. வந்தது சினம். இத்தனை ஆண்டுகளாய்த் தன்னிடம் இல்லை என்று தானே நம்பியிருந்த சினம், இல்லாதவளிடம் இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று அவளே வியக்கும்படி வந்தது.

மேசையை அப்படியே விட்டுவிட்டு அடுக்களைக்குள் சென்றாள். ஆல்டனின் மனைவி பெவர்லி எலுமிச்சைகளைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"பெவர்லி, குளிர்காலத்துக்கு நான் எங்க போறேன்?"

"எங்க போறீங்க அண்ணி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஒகையோ முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

கத்தி நின்றது. "அந்த டாட்டி இருக்காளே, ஓட்டை வாய்! அண்ணி, இப்ப வேணாமே. இது மேரனோட நாள். போன கிறிஸ்துமஸ்ல நீங்களே சொன்னீங்கல்ல, குளிர்காலம் ரொம்ப நீளமாப் போச்சுன்னு?"

"குளிர்காலம் நீளம்னு சொன்னேன். வீடு வேணாம்னு சொன்னேனா?"

"ரெண்டும் ஒண்ணுன்னுதான் அவர் எடுத்துக்கிட்டார். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். தனியா, இந்த வயசுல..."

"எனக்கு அம்பத்தாறு, பெவர்லி. உன்னைவிட ரெண்டே வயசு கூட."

"பாத்தீங்களா, கோவம் வருது. இதுக்குத்தான் முன்னாடியே சொல்லல." பெவர்லி கையைத் துடைத்துக்கொண்டு அவள் தோளைத் தொட்டாள். "சாயங்காலம் விருந்துல உங்க தம்பி எல்லார் முன்னாடியும் உங்களைப் பத்திப் பெருமையாப் பேசப்போறார். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சிரிச்ச முகமா உக்காந்திருங்க, அது போதும்."

ஒன்றும் செய்ய வேண்டா. லிடியா அச்சொல்லைக் கையில் ஏந்திக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினாள். அங்கே மணலில் தோண்டிய குழியில், காலைமுதல் எரிந்த விறகு நீறாகி, அடுக்கிய கற்கள் வெளுத்துக் கனன்றுகொண்டிருந்தன. வேலையாட்கள் அவற்றின்மேல் ஈரப்பாசியை வாரிக் கொட்டி, இறாலும் மட்டியும் சோளக்கதிரும் உருளைக்கிழங்கும் பரப்பி, மறுபடி பாசியிட்டு, கெட்டித் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்று பார்ப்பவர்க்கு அது ஈரம் கசியும் ஒரு பச்சை மேடு. அடியில் இருப்பது நெருப்பையும் மிஞ்சிய சூடு. இப்படித்தானோ நானும் என்று எண்ணினாள். எண்ணியவுடனே அந்த ஒப்புமையும் அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. கற்களைச் சூடேற்றுபவர்கள் அறிந்தே ஏற்றுகிறார்கள். தன்னை இவர்கள் அறியவே இல்லையே!

வெள்ளைச் சட்டையும் ஈரக் கூந்தலுமாய் மேரன் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நோலனின் கைபிடித்து நடந்துவந்தவள், அவனைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"அத்தை! டாட்டி அத்தை உளறிட்டாங்களாமே? அப்பா என்னைப் பேசவே கூடாதுன்னு சொல்லியிருந்தார். பேசினா நீங்க அழுதுடுவீங்களாம்."

"உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"வசந்தத்துலேர்ந்தே. அத்தை, உங்க அறையை நாங்க மாத்தவே மாட்டோம். சுவரை மட்டும் இடிச்சுட்டுப் பெரிய சன்னல் வைக்கணும்னு நோலன் சொல்றார்."

"நீ ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல, மேரன்?"

பெண் விழித்தாள். கள்ளமில்லாத விழிப்பு. "நீங்க வேணாம்னு சொல்லவே மாட்டீங்களே அத்தை," என்றாள்.

மேரனின் காதுமடலில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டு லிடியா விலகினாள். தம்பியின்மேல் மூண்ட சினம் எளிது. அதற்கு முகம் இருந்தது, பழைய கணக்கு இருந்தது. இந்தப் பெண்ணின்மேல் எழுந்த சினமே கடிது. இவளை நடக்கப் பழக்கியவள் லிடியா, நீந்தப் பழக்கியவள் லிடியா. எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்று பழக்கியவளும் அவளேதான். கேட்காமலே கிடைக்கும் என்று பிள்ளை அதை ஓரடி தள்ளிக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே அச்சினம் பிள்ளையின்மேல் பாய்ந்து, அங்கு நிற்க இடமின்றித் திரும்பி, தன்மேலேயே விழுந்தது. விழுந்தும் அணையவில்லை. தான் தவறிழைத்தவள் என்பதனால் தன் வீடு தன்னுடையது அல்லாமற் போய்விடுமா?

கதிரவன் மலைப்புறம் சாய, நீர் செம்பொன்னாக, விருந்து தொடங்கிற்று. துணியை விலக்கியதும் எழுந்த ஆவியில் முகங்கள் மறைந்து தோன்றின. வெண்ணெய் வழியும் விரல்களோடு, செருப்பில்லாக் கால்களை மணலில் புதைத்து, நீள்பலகைகளில் நெருங்கியமர்ந்து, ஒருவர் தட்டில் ஒருவர் இறாலை உடைத்துத் தந்து சிரித்துக்கொண்டிருந்தனர் விருந்தினர். நல்ல மக்கள். இவர்களை வரவேற்றதில் அவளுக்குக் குறையேதும் இல்லை. விருந்தினர்க்குச் சோறும் உறங்க இடமும் இன்சொல்லும் கடன்; அவற்றை அவள் மனமாரத் தந்தாள். கதவைத் திறந்து வைத்தவள் கதவையே கழற்றித் தந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னவன், கதவுக்கு உள்ளே பிறந்தவன் அல்லவா?

அவன் எழுந்தான். ஆல்டன் மதுக்கோப்பையைக் கரண்டியால் தட்ட, பேச்சொலி அடங்கிற்று.

"எங்க அக்காவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். சின்ன வயசுல நான் உடைச்ச சன்னலுக்கெல்லாம் இவதான் அடி வாங்கினா." சிரிப்பு எழுந்தது. "தனக்குன்னு ஒண்ணும் வெச்சுக்கத் தெரியாது இவளுக்கு. இப்பக்கூடப் பாருங்க, இந்த வீட்டை, பிறந்து வளர்ந்த வீட்டை, என் பொண்ணுக்குச் சீதனமாக் குடுக்கறா. இந்தக் கோப்பை லிடியாவுக்கு!"

"லிடியாவுக்கு!" என்று கோப்பைகள் எல்லாம் உயர்ந்தன.

அவ்வூர் விருந்துகளில் ஒரு வழக்கு உண்டு. யாரைப் போற்றிக் கோப்பை உயர்கிறதோ அவர் எழலாகாது, தம் கோப்பையைத் தொடலாகாது. முகமலர்ச்சியோடு வாளா இருத்தலே அவருக்கு அழகு. பணிவுக்கென்று முன்னோர் வகுத்த அம்முறை அன்று அவள் வாய்க்கு இட்ட கட்டாயிற்று. பருகாமலிருந்து மறுக்கலாம் என்றால், பருகாமலிருப்பதே அங்கு இசைவு. அவள் சும்மா அமர்ந்திருந்த ஒவ்வொரு நொடியும் அவளுக்காக ஆம், ஆம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இதை ஆல்டன் அறிந்தே செய்தான். அத்தோடு அவன் நிறுத்தியிருந்தால் ஒருவேளை வென்றும் இருப்பான். ஆனால் டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா பேசணும்!" என்று குரல்கொடுக்க, வால்ட் மேசையைத் தட்ட, தட்டல் பலகைதோறும் பரவ, வெற்றியின் களிப்பில் ஆல்டனும் தன் பிழையை அறியாமல் கைநீட்டினான்.

"சொல்லு லிடி. பெருசா ஒண்ணும் வேணாம். 'வீடு இனி உங்களுது'ன்னு உன் வாயால ஒரே ஒரு தடவை சொல்லு."

லிடியா எழுந்தாள். பகலெல்லாம் நெஞ்சுக்குள் அடிவைத்து நடந்தது இப்போது நடையை நிறுத்தி அவளோடு நேராக நின்றது. கூச்சலிடுவாள் போலும் என்று பெவர்லி மட்டும் அஞ்சித் தட்டைப் பார்த்தாள்.

"நீங்க எல்லாரும் இவ்ளோ தூரம் வந்ததுல எனக்கு ரொம்ப சந்தோஷம்," என்றாள் லிடியா, வகுப்பில் கடைசிப் பலகைக்கும் கேட்கும் அந்தத் தாழ்ந்த குரலில். "மேரன், நாளைக்கு உன் கல்யாணத்துல முதல் வரிசையில நான் இருப்பேன். நீயும் நோலனும் எந்தக் கோடைக்கு வந்தாலும் உங்களுக்கு அறை உண்டு. ஆனா வீட்டை நான் குடுக்கல. என்னை யாரும் கேக்கவும் இல்ல. இப்ப கேட்டிருக்கீங்க. முடியாது."

யாரோ உயர்த்திய கோப்பையை எங்கே வைப்பதென்று அறியாமல் பிடித்திருந்தார். ஆல்டன் குனிந்து பல்லைக் கடித்தான்.

"எல்லார் முன்னாடியுமா லிடி சொல்லுவே?"

"நீ எல்லார் முன்னாடியும்தானே கேட்டே, ஆல்டன்?"

வாழ்நாளெல்லாம் ஈந்தவள் ஒருநாள் மறுத்தால், ஈந்ததை மறந்து மறுத்ததையே உலகம் நெடுநாள் பேசும். அதை அவள் அறியாதவள் அல்லள். நாளை திருமணத்தில் சில முகங்கள் திரும்பிக்கொள்ளும். வரும் கோடையில் தம்பியின் வண்டி இப்பக்கம் திரும்பாமலும் போகலாம். அவ்விழப்பை அவள் அங்கேயே நின்று, முழுதுமாய் அளந்து, ஏற்றுக்கொண்டாள். பிறகு அமர்ந்து, மடியில் துணியை விரித்து, கண்கலங்கி நின்ற மேரனை ஒருமுறை பார்த்தாள். பார்வையில் அன்பு இருந்தது, இசைவு இல்லை.

"உக்காருங்க எல்லாரும்," என்றாள். "இறால் ஆறிடும்."