மார்பு வரை வந்த கொக்கி

வலது தோள்பட்டை ஒரு வாரமாக அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சட்டை மாட்டவே மனைவி வேண்டியிருந்தது. ஆள் நெட்டை என்பதால் துறைமுகத்தில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். தோள் போன ஒட்டகத்தை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

சரக்குக் கொட்டகையில் இருபத்து மூன்று சுமைத் தொழிலாளிகள் கூடியிருந்தார்கள். வெளியே நீளமான பச்சைப் பெட்டிகள் கிடந்தன. உள்ளே என்ன என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு மலையடியில் அணு ஆலை கட்டுகிறது, குண்டு செய்யத்தான் என்கிறது இங்கே அரசாங்கம். அந்த ஆலையை இடிக்கப் போகும் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றுவதா, மறுப்பதா? அந்த ஆலையில்தான் ஒட்டகத்தின் தங்கை புருஷன் கான்கிரீட் போடுகிறான்.

"இடிச்சுத் தள்ளணும். அவன் கையில குண்டு வந்தா முதல்ல நம்ம துறைமுகத்து மேலதான் போடுவான்," என்றார் மேஸ்திரி.

"ஆறு வருஷம் முன்னாடி இடிச்சோமே, என்னத்தக் கிழிச்சோம்? இன்னும் ஆழமாத் தோண்டிட்டான்," என்றான் மொட்டை. "வியாபாரத் தடையை எடுங்க, ஆலைக் கதவைத் திறந்து காட்டறேங்கறான். பேசிப் பாத்தா வாய் வலிக்குமா?"

"நீ பேசி முடிக்கறதுக்குள்ள அவன் செஞ்சு முடிச்சிடுவான்டா!"

மேஸ்திரி சொன்னபோது சரி என்று பட்டது. மொட்டை சொன்னபோது அதுவும் சரி என்று பட்டது. ஒட்டகத்தின் பிள்ளைகள் இரண்டும் படிப்பது துறைமுகத்துக்குப் பின்னால். மாப்பிள்ளை இருப்பது மலையடியில்.

"ஏத்த வேண்டாங்கறவங்க கொக்கியத் தூக்குங்க," என்றார் மேஸ்திரி.

மூட்டை இழுக்கும் கொக்கியை வலக்கையால் தலைக்கு மேல் தூக்கினால்தான் அங்கே ஓட்டு. எப்போதோ ஒருவன் இரண்டு கையையும் தூக்க, இரண்டு ஓட்டாக எண்ணிவிட்டார்கள். அன்றிலிருந்து இடக்கை செல்லாது.

ஒட்டகத்தின் கொக்கி மார்பு வரை வந்தது. சுளீரென்றது. அங்கேயே நின்றுவிட்டது.

"பதினொண்ணு. மிச்சம் பன்னண்டு பேர் ஏத்தச் சொல்றீங்க. கிளம்புங்கப்பா."

மொட்டை பக்கத்தில் வந்தான். "ஏன்யா தூக்கல?"

"தோளு..."

"தோளா, மனசா?"

மாலைக்குள் பெட்டிகள் ஏறிவிட்டன.

வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே தங்கையின் போன். "அண்ணே, அவர் வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். நீ வேண்டாம்னுதானே தூக்கின?"

"வண்டிச் சத்தம்மா, சரியாக் கேக்கல. அப்புறம் கூப்பிடறேன்."

தெருவில் வண்டி எதுவும் இல்லை. உள்ளே போய்க் கொக்கியை எடுத்துத் தூக்கிப் பார்த்தான். பல்லைக் கடித்தால் காது வரை போனது. இன்னும் கொஞ்சம் கடித்திருந்தால் மேலே போயிருக்குமோ? போயிருந்தால் தூக்கியிருப்பானா? அவனுக்கே விளங்கவில்லை.

கொக்கியை ஆணியில் மாட்டினான். தங்கைக்கு ஒரு பதில் பாக்கி.