கைப்பிடி இல்லாத பக்கம்

பாடும் அறையின் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை. நான் அடிவயிற்றிலிருந்து உறுமிப் பாடும்போது அது அதிர்ந்து பதிவில் கேட்கிறதென்று என் கணவன் கழற்றிவிட்டான். திருகாணித் துளைகள் மட்டும் மிச்சம். துணி அலமாரி இருந்த மூலையைப் பலகையும் பஞ்சும் வைத்து அடைத்து அவனே கட்டிய அறை. வெளியே வர வேண்டுமானால், அவர்கள் உட்காரும் பக்கம் பதித்த கண்ணாடியைத் தட்ட வேண்டும்.

"உள்ள வச்சு அண்ணியைக் கொன்னாகூட வெளிய கேக்காது," என்பான் கொழுந்தன். டிரம்ஸ் வாசிப்பதும் பதிவு செய்வதும் அவன்தான்.

"உன்னைக் கொன்னா தெருவே நிம்மதியா தூங்கும்," என்பேன்.

எங்கள் ராக் குழுவின் மெட்டல் ஆல்பம் ஒரு பழைய காவியத்தின் கதை. அரசன் அளவு மீறிய அன்பால் ராணியை ஒரு மாடத்தில் வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறான். காவியத்தில் அவளுக்கு ஒரு வரிகூடப் பேச்சு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த ஆல்பம் என்று எல்லோரிடமும் சொல்வான் என் கணவன். இடைவெளியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று போகும் பாட்டுகள். அவள் பேசுவதையெல்லாம் அவனே எழுதினான்.

நான் அவனிடம் சொல்ல வேண்டிய ஒன்று பல வாரங்களாகத் தொண்டையில் நின்றது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். எனக்கென்று வெந்நீரில் தேன் கலந்து வைக்கிறவன். நான் எப்போது தூங்க வேண்டும், யாரோடு எவ்வளவு பேசலாம் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அம்மாவோடு போனில் பேசினால்கூட, "குரலை வீணாக்காத," என்பான்.

அன்று கடைசிப் பாட்டு. நடுவில் என் கணவனின் கிட்டாரில் தந்தி அறுந்தது. அவன் மாற்றிக்கொண்டிருந்தான். என் ஹெட்போனில் ஏழு எண்ணிக்கைத் தாளம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. அவனிடம் சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளலாமே என்று முணுமுணுத்தேன்.

"எனக்கு மூச்சு முட்டுது. உன் மேல கோபம் இல்ல. நான் போறேன். கதவை மட்டும் திற."

கொழுந்தன் இடைவேளையிலும் பதிவை நிறுத்துவதில்லை. நல்லது எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும் என்பான். எனக்குத் தெரிந்த பழக்கம்தான். மறந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பதிவிலிருந்து என் குரலே என் காதில் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் கணவனின் கண்கள் கலங்கியிருந்தன.

"இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றான் மைக்கில். "நான் எழுதினதையெல்லாம் குப்பையில போடலாம். ஆல்பம் இதோடதான் முடியுது. இனி ஒவ்வொரு மேடையிலயும் கடைசியா நீ இதைத்தான் சொல்லப் போற."

கொழுந்தன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான்.

"இன்னொரு தடவை. மைக்குக்குக் கொஞ்சம் கிட்ட வா," என்றான் கணவன்.

அவன் முகத்தைப் பார்த்தே சொன்னேன், ஒரு சொல் மாற்றாமல். அவன் கண்ணை மூடி விரலால் தாளம் போட்டான்.

"பிரமாதம். ஆனா 'கதவை'ங்கிறது தாளத்துக்கு முன்னாடியே விழுந்துடுச்சு."

ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தேன். டிக் டிக் நின்றது.

"தாளத்துக்குச் சொல்லல. உனக்குச் சொல்றேன்."

அவன் விரல் காற்றில் நின்றது. உதடுகள் அசைந்தன, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து கதவைத் திறந்தது கொழுந்தன்தான்.

"கதையில அவ வெளிய வரவே இல்லையே," என்றான் என் கணவன், குழந்தை கேட்பதுபோல.

"முதல் தடவை சொன்னது உன்கிட்ட இருக்குல்ல? அந்தக் குரலை வச்சுக்க."

பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். கடைகள் திறந்திருந்தன, வெயில் இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தபோதுதான் கவனித்தேன்: என் கால்கள் ஏழு ஏழாக எண்ணியே நடந்துகொண்டிருந்தன. நின்றேன். மறுபடி அடியெடுத்தேன். மறுபடியும் எண்ணிக்கை ஒன்றிலிருந்துதான் தொடங்கியது.