வெறும் கண்ணாடியில் ஒரு மேடு

வெறும் கண்ணாடியில் எதுவும் தெரியக் கூடாது. எதை அளப்பதற்கும் முன்னால் வினோலியா அதைத்தான் பார்ப்பாள். கண்ணாடி ஸ்லைடின் மேல் ஒளியைப் பாய்ச்சினால், பட்டுத் திரும்புவதைக் கருவி நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் ஒட்டியிருந்தால் திரையில் நீலப் பக்கம் ஒரு மேடு எழும். வெறும் கண்ணாடி என்றால் கோடு படுத்துக் கிடக்கும்.

பேறுகால விடுப்பு முடிந்து திண்டுக்கல் கல்லூரி ஆய்வகத்துக்கு அவள் திரும்பியதிலிருந்து கோடு படுக்கவே இல்லை. வெள்ளிக் கரைசலை அவள் இன்னும் தொடக்கூட இல்லை. புதுப் பெட்டியைப் பிரித்து, ஓரம் பிடித்து ஒரு ஸ்லைடை எடுத்து வைத்தாள். மேடு. கருவியும் முழுகாமல் இருக்கிறது போல என்று உடன் வேலை பார்க்கும் பாஸிலா கேலி பேசினாள். பிறகு பாஸிலாவே தன் கையால் இன்னொன்றை எடுத்து வைத்தாள். கோடு படுத்தது. பாஸிலாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

கருவியிலிருந்து நீளும் ஒளிமுனையைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் தொட்ட இடங்களுக்கெல்லாம் போனாள் வினோலியா. கதவுப்பிடி, நாற்காலிக் கை, தண்ணீர் பாட்டில். அவளுக்கு முன்னால் இன்னொரு வினோலியா நடந்து போயிருந்தது போல ஒவ்வொன்றிலும் மேடு எழுந்தது.

"ஏண்டி, தலையில இருக்கிறது என்னிக்கு வச்ச பூ?"

முந்தாநாள் வைத்தது. இன்னும் மொட்டு மாறாமல் இருந்தது. பாஸிலா ஒன்றைக் கிள்ளி ஒளியில் காட்டினாள். மேடு திரையை முட்டியது.

கணவன் கிளெமென்ட் நிலக்கோட்டையில் பூ வியாபாரி. வேனில் போகும் மல்லிகை வாடாமலிருக்க ஏதோ வெள்ளி மருந்து தெளித்துக்கொண்டிருந்தான். அவள் உண்டானபோது, பிள்ளைக்கு ஆகாதென்று இனித் தெளிப்பதில்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தான். அன்றாடம் அவன் கொண்டுவரும் உதிரிப்பூவை ஈர விரலால் தொடுத்துவிட்டு, அந்த விரலாலேயே அவள் பிள்ளையைத் தூக்குவாள்.

மதியமே கருவியை ஒளிமுனையோடு தூக்கிக்கொண்டு வீடு வந்தாள். கிளெமென்ட் தொட்டிலாட்டிக்கொண்டிருந்தான். தொட்டில் சேலையில் காட்டினாள். மேடு. தூங்கும் பிள்ளையின் கன்னம்வரை போன கை அதற்கு மேல் போகவில்லை.

"சத்தியம் பண்ணீங்களே."

"வாடுன பூவ எவன் வாங்குறான் புள்ள?"

சத்தத்தில் குழந்தை விழித்து வீறிட்டது. அவன் தூக்கக் குனிந்தான்.

"தொடாதீங்க."

அவன் நிமிர்ந்து அவள் விரல்களைப் பார்த்தான்.

"இம்புட்டு நாளும் நீதான தூக்குன."

நான்கு கைகளும் தொட்டிலுக்கு மேல் அந்தரத்தில் நின்றன. குழந்தை கொஞ்ச நேரம் அழுது பார்த்தது. பிறகு தொட்டில் சேலையின் ஓரத்தை இழுத்து வாயில் வைத்துச் சப்பத் தொடங்கியது. வீடு அமைதியானது.