ஜன்னல் பக்கம் திரும்பு

தொலைக்காட்சியில் ஓடும் அமெரிக்கக் கால்பந்து வீடியோ விளையாட்டில் கர்ட் தன் தடுப்பு வியூகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். வழக்கப்படி டென்னி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேப்பிள் மரமும், கர்ட்டின் பிக்கப் வண்டியும், ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்கும் தெருவும் தெரிய வேண்டிய ஜன்னல் அது. ஆனால் நவம்பர் கடைசி. மதியம் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்கு இழுத்துக்கொண்டு போனதால், இவர்கள் விளையாட உட்காரவே தாமதமாகிவிட்டது. மரம் இருட்டில் கரைந்துபோயிருந்தது. அது இருந்த இடத்தில், கண்ணாடிக்குள், ஒரு சின்ன தொலைக்காட்சி மிதந்துகொண்டிருந்தது. அதில் இடவலம் மாறிய மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் சிறு புள்ளிகளாக வீரர்கள். கர்ட்டின் விரல் அழுத்த அழுத்தக் கட்டங்கள் நகர்ந்தன. சிவப்பு அம்புகள் நிறைந்த பக்கம் வந்தது, நிற்காமல் போனது. நீலத் திட்டுகள் படர்ந்த பக்கத்தில் வந்து நின்றது.

“ஆச்சு” என்றான் கர்ட்.

டென்னி திரும்பினான். கையிலிருந்த பொத்தானை அழுத்தினான். ஆட்டம் தொடங்கியது. கர்ட்டின் ஆட்கள் முன்னேறாமல் பின்னால் பின்னால் போய் நின்றார்கள். பந்து வீசுபவனை யாரும் நெருங்கவில்லை. டென்னி நிதானமாகப் பார்த்து, நடுவில் காலியாகக் கிடந்த இடத்துக்குப் பந்தை வீசினான். பத்து கஜம் கிடைத்தது. எப்போதும்போல் ஒரு கேலி சொல்ல வாய் திறந்தவன் சொல்லாமல் மூடிக்கொண்டான்.

ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே திரையைப் பார்த்து விளையாடுகிறவர்களுக்கு உள்ள தொல்லை இது. அடுத்தவன் என்ன தேர்ந்தெடுக்கிறான் என்பது எதிரிலேயே தெரியும். பந்து வைத்திருப்பவன் எங்கே ஓடப்போகிறான் என்று தடுப்பவனுக்குத் தெரிந்துவிட்டால் விளையாட்டே இல்லை. முன்பெல்லாம் இதற்காக இருவரும் கத்திக்கொள்வார்கள். பார்த்தாய், பார்க்கவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்த்தை தடித்துப்போனபோது, டார்லீன் சமையலறையிலிருந்து ஈரத் துணியோடு வந்து இருவர் முதுகிலும் ஆளுக்கொன்று வைத்தாள். ஒருவன் தேர்ந்தெடுக்கும்போது மற்றவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும், ஆச்சு என்று சொன்ன பிறகுதான் பார்க்க வேண்டும் என்றாள். டென்னிக்கு அவள் தங்கை, கர்ட்டுக்கு மனைவி. அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது.

அவள் இறந்தது போன வருடம் வசந்தத்தில். அதற்குப் பின் வந்த குளிர்காலம் முழுக்க இருவரும் இந்த விளையாட்டின் பக்கமே வரவில்லை. விளையாட்டுப் பெட்டியின் மேல் தூசி படிந்து கிடந்தது. இந்த இலையுதிர் காலத்தில் கர்ட்தான் கூப்பிட்டான். சும்மா வா மச்சான், ஞாயிற்றுக்கிழமை பெரிதாக இருக்கிறது என்றான். டென்னி வந்தான். பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். பழையபடி டென்னிக்குப் பிட்ஸ்பர்க் அணி, ஓஹையோவிலிருந்து வந்த கர்ட்டுக்குக் கிளீவ்லாந்து அணி. முதல் முறை கர்ட் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது, யாரும் சொல்லாமலே டென்னியின் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. திரும்பிய முகத்தைச் சிறிது நேரம் அங்கேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. கர்ட்டும் ஆச்சு என்று சொல்ல அவசரப்படவில்லை.

அதிலிருந்து டென்னி ஜெயித்துக்கொண்டே இருந்தான். இத்தனை வருடத்தில் நடக்காதது. வயது ஐம்பதைத் தாண்டியபின் கை படிந்துவிட்டது என்று அவன் நம்பினான். சாலைத்துறைக் கொட்டகையில், பனி தள்ளும் வண்டிகளுக்குத் தகடு மாட்டிக்கொண்டே, கூட வேலை செய்பவர்களிடம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆட்டத்தை முழுக்கச் சொல்வான். அவர்கள் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள். இப்போதுதான் கண்ணாடி காட்டிக்கொடுக்கிறது. நீலம். மறுபடியும் நீலம். கர்ட் என்பவன் சிவப்பு அம்புகளின் ஆள். எதிராளியிடம் பந்து இருக்கிறது என்றால் எல்லோரையும் முன்னால் ஏவிவிடுவான்; பின்னால் காவலுக்கு ஒருவன்கூட இருக்க மாட்டான். பந்து வீசுபவன் மூச்சுவிடுவதற்குள் நசுங்கிப்போவான், அல்லது பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து வெற்றுப் புல்வெளியில் விழும். நடுவழி என்று ஒன்று அவனிடம் இல்லை. கர்ட்டுக்கு வீடு பூட்டத் தெரியாது என்று டார்லீன் சிரிப்பாள். அப்படிப்பட்டவன் இப்போது கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தாழிட்டுக்கொண்டு, வாசலில் வைத்ததை எடுத்துப்போ என்று விட்டிருக்கிறான்.

கண்ணை மூடிக்கொண்டிருக்கலாம். கூரையைப் பார்த்திருக்கலாம். டென்னி ஜன்னலைத்தான் பார்த்தான். விதி அப்படித்தான் சொல்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஜன்னலின் ஓரத்தில் பழுப்புத் திரைச்சீலை சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. அதில் காட்டுக்கோழிகள் அச்சிடப்பட்டிருந்தன. குளிர்காலத்தில் இந்த நேரத்துக்கு டார்லீன் வந்து அதை இழுத்துவிடுவாள். சரக்கென்று ஒரு சத்தம். குளிர் உள்ளே வருகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவாள். இருவரும் அதைக் கவனித்ததே இல்லை. குளிருக்காகத்தான் இழுத்தாளா என்று இப்போது கேட்க அவள் இல்லை.

ஏன் நீலம் என்று அவன் யோசித்தான். யோசிக்க வேண்டியதே இல்லாதபடி பதிலில் பாதி அவனிடம் ஏற்கெனவே இருந்தது. கர்ட்டை ரோண்டாவோடு பார்த்ததாகக் கொட்டகையில் ஒருவன் சொல்லியிருந்தான். மருந்துக்கடையில் வேலை செய்பவள் அவள். தீயணைப்பு நிலையக் கூடத்தில் பிங்கோ என்ற எண் விளையாட்டு நடந்த அன்று இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தார்களாம். டென்னி தகடு மாட்டுவதைத் தொடர்ந்தான். கோபம் வரும் என்று இரண்டு மூன்று நாள் காத்திருந்து பார்த்தான். வரவில்லை. வந்தது வேறொன்று. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போய்விட்டார்கள், டார்லீனும் போய்விட்டாள். இந்த ஊரில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கேட்காமல் குளிர்பெட்டியைத் திறக்கக்கூடிய வீடு இது ஒன்றுதான். டார்லீன் வழியாக வந்த உறவு. கர்ட் வாய் திறந்து ரோண்டாவின் பெயரைச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து உட்கார அவன் யார்?

அதனால் இந்த வாரங்களில் கர்ட்டுக்கு வாய்ப்பே கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்து சாப்பிட உட்கார்ந்ததும் கர்ட் கரண்டியை வைத்துவிட்டு, மச்சான் என்று ஆரம்பிப்பான். உடனே டென்னி உப்புக் கிடங்கு, புது மேற்பார்வையாளர், இந்த வருடப் பனி என்று எதையாவது பிடித்துக்கொள்வான். கர்ட் தலையசைத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் கரண்டியை எடுப்பான். போன வாரம் பாத்திரம் துலக்கும்போது மஞ்சள் மூடி போட்ட கண்ணாடித் தட்டு ஒன்று டென்னியின் கைக்கு வந்தது. டார்லீனின் பாத்திரங்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் அவன்தான் அவற்றைக் கழுவி அடுக்கினான். இந்தத் தட்டு அவளுடையது இல்லை. அதைத் துடைத்து, மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைத்துவிட்டு வந்தான்.

கடைசிக் கால் பகுதி. கர்ட் நான்கு புள்ளி முன்னால் இருந்தான். டென்னிக்கு ஒரே ஒரு முயற்சி பாக்கி, போக வேண்டிய தூரம் அதிகம். இதுபோன்ற கட்டத்தில் பழைய கர்ட் சோபாவின் நுனிக்கு வந்துவிடுவான். எல்லோரையும் அனுப்புவான் என்று டென்னிக்குத் தெரியும், டென்னிக்குத் தெரியும் என்று கர்ட்டுக்கும் தெரியும், இருந்தும் அனுப்புவான். கர்ட் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க, டென்னி தன் வியூகத்தை எடுத்து முடித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினான். கண்ணாடியில் சிவப்புப் பக்கம் வந்தது. இம்முறை கொஞ்சம் நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்து, நீலத்துக்குப் போனது.

டென்னி ஆட்டத்தை நிறுத்தி வைத்தான்.

“மாப்ள, ஜன்னல்ல எல்லாம் தெரியுது.”

கர்ட் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குள் தொலைக்காட்சி, அதன் முன்னால் இரண்டு வழுக்கைத் தலைகள்.

“எப்பலேருந்து?”

“இருட்டுனதுலேருந்து.”

“அப்ப இவ்ளோ நேரம் பாத்துக்கிட்டேதான் ஆடிருக்க.”

“நீ இவ்ளோ நாளா விட்டுக்குடுத்துக்கிட்டே ஆடிருக்க.”

நிலவறையில் கணப்பு எந்திரம் உறுமித் தொடங்கியது.

“கொட்டாயில ஒருத்தன் விடாம பீத்திருக்கேன்டா” என்றான் டென்னி. “ஓஹையோக்காரனுக்கு இரக்கம்னு ஒண்ணு உண்டுன்னு எனக்கு யாரும் சொல்லல.”

கர்ட் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. கையிலிருந்ததை மடியில் வைத்தான்.

“இரக்கம் இல்ல மச்சான். நீ தோத்தா தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிருவ. முன்னாடியாவது டார்லீன் சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டு உன் வண்டி வரைக்கும் ஓடுவா. ஜெயிச்சாத்தான் நீ உக்காந்து சாப்பிடுவ. சாப்பிடறப்ப சொல்லிரலாம்னு ஒவ்வொரு வாரமும்…”

சமையலறையில் மெல்லிய சூட்டில் வெந்துகொண்டிருந்த முட்டைக்கோசின் புளித்த மணம் அறைக்கு வந்திருந்தது. டென்னி பேசாமல் இருந்தால் போதும். இன்னொரு வாரம் ஓடிவிடும். அடுத்த வாரமும் கர்ட் நீலத்தில் நிற்பான், அவன் ஜெயிப்பான், உப்புக் கிடங்கைப் பற்றிப் பேசுவான். இப்படியே எத்தனை குளிர்காலம் போனாலும் போகும். பக்கத்தில் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனின் கழுத்து மெலிந்து, சட்டைக் காலர் அகலமாகத் தெரிந்தது. டார்லீன் பார்த்திருந்தால் காலரைப் பிடித்து இழுத்துச் சரிசெய்திருப்பாள்.

“ரோண்டா இந்த ஆட்டமெல்லாம் பாப்பாளா?” என்றான் டென்னி.

கர்ட் நிமிரவில்லை. அவன் காது மடல் சிவந்தது.

“பாப்பா. வீடே கிடுகிடுக்கக் கத்துவா.” பிறகு இன்னும் சின்னக் குரலில், “பிட்ஸ்பர்க்குக்கு” என்றான்.

“அப்ப நல்லவதான்.”

“ஞாயித்துக்கிழம மட்டும் வேணாம்னு சொல்லிருக்கேன் அவகிட்ட. ஞாயித்துக்கிழம நீ வருவேன்னு.”

டென்னி எழுந்தான். முழங்கால் சொடுக்கியது. கர்ட்டின் கண்கள் அவனைவிட முன்னால் ஓடி, கதவருகே கொக்கியில் தொங்கிய தொப்பியில் போய் நின்றன. டென்னி அதைப் பார்த்தான். தொப்பியைத் தாண்டி ஜன்னலுக்குப் போனான். திரைச்சீலையின் கட்டை அவிழ்த்தான். மடிப்புகளுக்குள் இருந்த தூசி மூக்கில் ஏறியது. இழுத்தான், பாதியில் மாட்டிக்கொண்டது. பலமாக இழுத்தும் வரவில்லை. டார்லீன் எப்படிச் செய்வாள் என்று யோசித்தபடி நின்றான். அவள் பலமாக இழுத்ததே இல்லை. மணிக்கட்டைச் சற்று மேலே தூக்கி, ஒரு சுண்டு. அவனும் சுண்டிப் பார்த்தான். சரக்கென்று வந்து மூடிக்கொண்டது. கண்ணாடிக்குள் இருந்த சின்ன அறையும் அதில் உட்கார்ந்திருந்த ஆளும் காணாமல் போனார்கள்.

“குளிர் வருது” என்றான் அவன்.

திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான்.

“இப்ப எடு. முறையா ஆடு. இல்லன்னா அடுத்த வாரம் அவள எம் பக்கத்துல உக்கார வச்சுக்குவேன், ரெண்டு பேரும் சேந்து உன்னக் கிழிப்போம்.”

கர்ட் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். டென்னி ஜன்னல் பக்கம் திரும்பினான். இப்போது அங்கே காட்டுக்கோழிகள் மட்டும் இருந்தன. துணி மடியும் இடத்தில் ஒன்றுக்குத் தலை இல்லை; இன்னொன்று வாலை விரித்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் பொத்தான்கள் டக் டக்கென்று அழுந்துவது கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. எந்தப் பக்கத்தில் நிற்கிறான் என்று தெரியவில்லை. எத்தனையோ வருடம் இப்படித்தான் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம் என்று டென்னி நினைத்தான்.

“ஆச்சா?”

“இரு.”

கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆச்சு” என்றான் கர்ட். சோபாவின் நுனியிலிருந்து வந்தது குரல்.

டென்னி திரும்பினான். கர்ட்டின் ஆட்கள் அத்தனை பேரும் கோட்டில் முண்டிக்கொண்டு, கால்விரல் ஊன்றி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசிக் கோடு வரைக்கும், பச்சைப் புல்வெளி யாருமில்லாமல் விரிந்து கிடந்தது.