ஆயிரமாவது மைல்

பொகவந்தலாவை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த அம்மாக்கண்ணுவிடம் வம்புக்குப் போகிறவர்கள் குறைவு. ஒருமுறை போனவர்கள் மறுமுறை போனதில்லை. இந்த விஷயத்தை ஹட்டன் கார் கம்பெனி மேனேஜருக்கு யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தாலும் பிரயோஜனமில்லை. தேயிலைத் தோட்டங்களை நடத்துகிற தொரைமார் பேச்சைத் தவிர வேறு எதுவும் நுழையாத காது அவருடையது.

புருஷன் போய்ச் சேர்ந்த மறுவருஷம், இருந்த நகைகளையெல்லாம் போட்டு அவள் ஒரு புதுக் கார் வாங்கினாள். வாடகைக்கு ஓட்டத்தான். தம்பி முத்துலிங்கம் டிரைவர். பஜாரில் சிலர் அதைப் பவிசு என்றார்கள். அவர்கள் யாரும் தோட்டத்து மேட்டு லயங்களில், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில் குடியிருக்கவில்லை. அங்கே பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் தோட்டத்து லாரி வர வேண்டும், லாரி வரத் தொரை மனசு வைக்க வேண்டும். தொரை மனசு வைப்பதற்குள் பிள்ளை லயத்துக் காம்பராவிலேயே பிறந்துவிடும். சில சமயம் பிறக்காமலே போய்விடும். அம்மாக்கண்ணுவின் கார் வந்தபிறகு யாரும் தொரை மனசுக்காகக் காத்திருக்கவில்லை. வண்டி நேரே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஆனால் புது வண்டிக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. இரண்டாவது கியர் ஏற்றத்தில் உறுமும், இறக்கத்தில் தானாகக் கழன்றுகொள்ளும். மாயாண்டி என்ற தோட்டத் தொழிலாளியின் மனைவி ராசம்மாவை வலியோடு ஏற்றிக்கொண்டு போனபோது, நோர்வூட் பக்கத்து வளைவில் கியர் கழன்று வண்டி தன் இஷ்டத்துக்கு ஓட ஆரம்பித்தது. முத்துலிங்கம் மலைப்பக்கத்து மண்மேட்டில் கொண்டுபோய் முட்டித்தான் நிறுத்தினான். மறுபக்கம் முட்டுவதற்கு ஒன்றும் கிடையாது, பள்ளம்தான். ராசம்மா நல்லபடியாகப் பெண்பிள்ளை பெற்றாள். அம்மாக்கண்ணு அன்றைக்கே முடிவு செய்தாள். இனி இந்த வண்டியில் ஒருத்தியையும் ஏற்றமாட்டேன், கியரை மாற்றாமல் ஏற்றவே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டாள்.

கியர் பெட்டியைக் கம்பெனிதான் மாற்றித்தர வேண்டும். அதற்கு ஒரு சட்டம் இருந்தது. புது வண்டி ஆயிரம் மைல் ஓடுவதற்குள் இலவசமாக ஒரு சர்வீஸ் உண்டு. அதைச் செய்துகொண்ட வண்டிக்குத்தான் பழுதுகளைக் கம்பெனி தன் செலவில் பார்க்கும். ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் வண்டியும் உன் பாடு, பழுதும் உன் பாடு. அம்மாக்கண்ணுவிடம் இனிப் போடுவதற்கு நகையும் இல்லை. சர்வீஸ் தவறினால் கார் தகரமாகக் கொட்டகையில் நிற்கும், மேட்டு லயத்துப் பெண்கள் மறுபடி லாரியை எதிர்பார்த்துக் கிடப்பார்கள்.

அவள் சும்மா இருப்பாளா? உடனே வாடகை ஓட்டத்தை நிறுத்தினாள். தம்பியோடு ஹட்டன் கராஜுக்குப் போனாள்.

மேனேஜர் முத்துலிங்கத்தைப் பார்த்துத்தான் பேசினார். "இன்டைக்கு தொரைமார் வண்டி நெறைய. வெள்ளிக்கிழமை வா."

"வண்டி எம் பேர்ல இருக்குங்க. என்னையப் பாத்துச் சொல்லுங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

அவர் அவளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வா" என்றார்.

வெள்ளிக்கிழமை போனால் கொழும்பிலிருந்து எண்ணெய் வரவில்லையாம். எண்ணெய் வராத அதே நாளில், அவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு தொரையின் கார் உள்ளே போய், குளித்துத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாவது தடவை காலையிலிருந்து சாயங்காலம்வரை வாசலில் நிறுத்திவைத்து, கதவைச் சாத்துகிற நேரத்தில் மேனேஜர் வெளியே வந்தார். வண்டியை ராத்திரி இங்கே விடக்கூடாது, ரோட்டில் நிறுத்தினால் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும் என்றார். போகிற போக்கில் சிரித்துக்கொண்டே, "ஆயிரம் தாண்டினா நான் ஒண்டும் செய்ய ஏலாது" என்றும் சொன்னார்.

அந்தச் சிரிப்பில்தான் அம்மாக்கண்ணுவுக்கு எல்லாம் விளங்கியது. மனுஷன் மறதியாக அலைக்கழிக்கவில்லை. இவர்களுடைய போக்குவரத்தையே வைத்து ஆயிரத்தை ஓட்டி முடிக்கப் பார்க்கிறான்! 

வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்னடா இது? ஆயிரத்துக்குப் பதினாறு மைலுதான் கொறையுது! இன்னும் ஏகப்பட்டது பாக்கியிருக்குன்னு சொன்ன?"

முத்துலிங்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எறக்கத்துல எல்லாம் எஞ்சின நிறுத்திட்டுத்தானேக்கா வந்தேன்? எஞ்சின் ஓடாட்டி மைலு ஏறாதுன்னு..."

"யாரு சொன்னா?"

"எல்லா டிரைவர்மாரும் சொல்றாங்க."

எல்லா டிரைவர்மாரும் சொல்லத்தான் செய்தார்கள். மலை ரோட்டில் ஓட்டுகிற ஒருவன் பாக்கியில்லாமல் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடுவான், அந்தத் தூரம் வண்டியின் வயதில் சேராது என்றும் நம்புவான். மீட்டர் எஞ்சினைப் பார்த்துச் சுற்றவில்லை, சக்கரத்தைப் பார்த்துச் சுற்றுகிறது என்பது அன்றைக்குத்தான் அக்காவுக்கும் தம்பிக்கும் தெரிந்தது. எதையும் சந்தேகப்படுகிற அம்மாக்கண்ணுவும் இதை மட்டும் நம்பித் தொலைத்திருந்தாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இருப்பது பதினாறு மைல். கராஜோ பதினேழு மைலில்.

"லாரியில ஏத்திக்கிட்டுப் போயிருவோமா?" என்றான் முத்துலிங்கம்.

கார் ஏறுகிற அளவுக்குப் பெரிய லாரி தோட்டத்து லாரிதான். அதற்குத் தொரையிடம் கேட்க வேண்டும். அதற்கு அம்மாக்கண்ணு போகமாட்டாள். மாடு கட்டி இழுக்கலாமென்றால், மாடு இழுத்தாலும் சக்கரம் உருளும், மீட்டர் சுற்றும்.

மறுநாள் அரிசி வாங்க வந்த மாயாண்டி, கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஏதென்று கேட்டான். கேட்டு முடித்ததும் அரிசிப் பையைக் கீழே வைத்தான்.

"சக்கரம் உருளக் கூடாது, அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"நம்ம ஃபாக்டரிக்கு வந்த புது ரோலர் மெஷினு எப்புடிங்க மேல ஏறுச்சு? காலு மொளைச்சா ஏறுச்சு? நாங்கதானே தடி குடுத்துத் தோள்ல தூக்கினோம். இந்தக் காரு அதுல பாதி கனம் வருமா?" என்றான் மாயாண்டி. "பதினாறு மைலு அது ஓடட்டும். மிச்ச ஒரு மைலு நம்ம தோள்ல வரட்டும். எம் பொண்டாட்டியும் புள்ளையும் வந்த வண்டிங்க. நான் சொன்னா எங்க லயமே வரும்."

அம்மாக்கண்ணுவுக்கு அழுகை வந்தது. கடையில் நின்று அழுகிற பழக்கம் அவளுக்கு இல்லாததால், வெல்லக்கட்டி ஒன்றை எடுத்து அவன் பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொங்கலுக்கு மறுநாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று தோட்டத்துக்கு லீவு, கம்பெனிக்கு லீவு இல்லை. ஆட்கள் முதல் பஸ்ஸில் தப்புமேளத்தோடும் கயிற்றோடும் மரக்கட்டைகளோடும் டர்பன்டைன் மரத் தடிகளோடும் ஹட்டன் டவுன் எல்லையில் போய் இறங்கினார்கள். மாட்டுப் பொங்கலாக இருந்ததால் யாரோ காரின் முகப்பிலும் மஞ்சள் பூசி மாலை போட்டிருந்தார்கள். அம்மாக்கண்ணு தடுக்கவில்லை. முத்துலிங்கம் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை. டிக்கோயா தாண்டி ஹட்டன் டவுன் தொடங்குகிற வளைவில், மீட்டரின் கடைசி ஒன்பது அசையத் தயாராக இருந்தபோது வண்டியை நிறுத்தினான்.

"எறங்குங்கக்கா. இதுக்கு மேல ஒரு முழம்கூட ஓடக் கூடாது."

தடிகளை அடியில் குறுக்காகச் செருகிக் கட்டினார்கள். மாயாண்டி குரல் கொடுத்தான். இருபது சொச்சம் தோள்கள் ஒன்றாக எழுந்தன. நாலு சக்கரமும் ரோட்டை விட்டுக் கிளம்பின. தப்பு அதிர்ந்தது. தூக்குகிறவர்களுக்கு நான் வேறு ஒரு பாரமா என்று அம்மாக்கண்ணு முன்னால் நடந்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு.

ஹட்டன் டவுன் எத்தனையோ ஊர்வலம் பார்த்தது. கார் தோளேறி வருவதை அன்றுதான் பார்த்தது. துணிக்கடைக்காரர்கள் முழக்கோலோடு வெளியே வந்தார்கள். பொகவந்தலாவை பஸ் ஹாரன் அடிக்கவும் மறந்து பின்னால் ஊர்ந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் மரக்கட்டைகளை அடுக்கி, சக்கரம் தரையில் படாமல் காரை அதன்மேல் இறக்கிவைத்தார்கள், மறுபடி தூக்கினார்கள்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒரு போலீஸ்காரர் மறித்தார். ஊர்வலத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஊர்வலம் இல்லை ராலஹாமி, கார் சர்வீஸுக்குப் போகிறது" என்று அம்மாக்கண்ணுவும் சிங்களத்திலேயே சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவர் மீட்டரை எட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி தானும் கூட வந்தார்.

கராஜ் வாசலில் மேனேஜர் நின்றார். தப்புச் சத்தம் கேட்டு ஏதோ சாமி வருகிறது என்று நினைத்திருக்க வேண்டும். வந்த சாமியைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"என்ன பைத்தியக்கார வேலை இது?"

"ஃப்ரீ சர்வீஸுக்கு வந்திருக்கோங்க. ஆயிரம் இன்னும் ஆகல. வேணும்னா பாத்துக்குங்க. ராலஹாமியும் பாத்திருக்காரு."

மேனேஜர் மீட்டரைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "இடமில்ல. நாளைக்கு வாங்க."

"நாளைக்கா?" அம்மாக்கண்ணு திரும்பினாள். "மாயாண்டி, இங்கயே வைங்கப்பா."

வைத்தார்கள். நடு வாசலில், குறுக்காக, கட்டைகளின்மேல். உள்ளே ஒரு கார் போக வழியில்லை, உள்ளேயிருந்து ஒரு கார் வர வழியில்லை. சக்கரம் நாலும் அந்தரத்தில் நின்றதால் தள்ளி ஒதுக்கவும் முடியாது.

"டீ குடிச்சிட்டு வாங்கப்பா. சாவகாசமா வாங்க" என்றாள். ஆட்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள்.

"எடு! இத எடு உடனே!" மேனேஜர் கத்தினார்.

"எதுக்குங்க? நான் நாளைக்கு வரைக்கும் இருக்கேன். சோறு கட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

அவள் குரல் உயரவில்லை.  இந்த மனுஷன் இன்னும் ஒருமுறை மாட்டேன் என்றால் அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. ஆனால் திரும்பிப் போவதில்லை, அது மட்டும் உறுதி.

அப்போதுதான் கராஜின் உள்ளேயிருந்து ஹாரன் அலறியது. சர்வீஸ் முடிந்த காரில் ஒரு வெள்ளைக்காரத் தொரை உட்கார்ந்திருந்தார், கிளப்புக்குப் போகிற உடுப்பில். இறங்கி வந்து வாசலைப் பார்த்தார். அம்மாக்கண்ணுவிடம் ஒன்றும் கேட்கவில்லை. மேனேஜரைத்தான் பிடித்துக்கொண்டார். இங்கிலீஷில் அவர் கத்தியது, இங்கிலீஷ் தெரியாத டவுன் முழுவதற்கும் நன்றாக விளங்கியது.

மேனேஜர் கழுத்து வியர்த்துப் போய் அம்மாக்கண்ணுவிடம் வந்தார். "சரி. உள்ள எடுங்க. இன்டைக்கே சர்வீஸ்."

"கியர் பெட்டி?"

"அதப் பிறகு பாப்போம்."

அம்மாக்கண்ணு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தாள்.

"மாத்தித் தாறேன்!" என்றார் மேனேஜர்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"புதுக் கியர் பெட்டி போட்டுத் தாறேன்!"

டீக்கடையிலிருந்து ஒரு ஆரவாரம் வந்தது. மெக்கானிக்குகள் கட்டைகளை உருவி வண்டியைத் தள்ளிவிடலாம் என்று ஓடிவந்தார்கள். அம்மாக்கண்ணு குறுக்கே கையை நீட்டினாள்.

"உருட்டக் கூடாது. அந்த ஒன்பது உருண்டுச்சுன்னா அப்புறம் ஆயிரம் ஆயிருச்சும்பீங்க. தூக்கித்தான் வைக்கணும்."

"அப்ப ஒங்கட ஆள்களக் கூப்பிடுங்க!"

"அவங்க டீ குடிக்கிறாங்க. எங்க ஆளுங்க வாசல் வரைக்கும் தூக்கிக் குடுத்தாச்சு. வாசலுக்கு அந்தப் பக்கம் உங்க எடம், உங்க ஆளுங்க."

கராஜில் இருந்த அத்தனை பேரும் தடிக்கு வந்தார்கள். மெக்கானிக்குகள், எண்ணெய்க்காரர்கள், கிளாக்கர், காவல்காரர். வந்தும் ஒரு தடியின் முனைக்கு ஆள் குறைந்தது. தொரை கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தன் கைப்பிரம்பால் மேனேஜரைச் சுட்டி, அப்படியே அந்தத் தடிமுனையையும் சுட்டினார்.

மேனேஜர் கோட்டைக் கழற்றினார். டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனிந்து, தடிக்குத் தோள் கொடுத்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அம்மாக்கண்ணு.

தூக்கை எடுத்துக்கொண்டாள். செருகியிருந்த முந்தானையை உதறி ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். காரின் பின்கதவைத் திறந்து ஏறி, நடு சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கதவை அடைத்துக்கொண்டாள்.

"இப்பத் தூக்குங்க."