மெஷினுக்கு அடியில் ரப்பர்

எங்கள் பயிற்சி மையத்தில் தையல் படிக்கிற யாருக்கும் காது கேட்காது. சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு நன்றாகவே கேட்கும். மெஷின் சத்தத்தில் அவளுக்குத் தலை வெடிக்கிறதாம். போன வாரம் எல்லா மெஷின் கால்களுக்கும் அடியில் தடிமனான ரப்பரைச் சொருகிவிட்டாள்.

எனக்குக் கைதான் காது. மேஜையில் இடது உள்ளங்கையை வைத்திருந்தால், கீழ்நூல் தீர்ந்த மறுநொடி அதிர்வு மாறுவது தெரியும். ரப்பர் வந்ததும் கை மரத்துப்போனது. சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனாலும் எனக்குப் பேச்சு தங்கிவிட்டது. டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"மத்தவங்க யாரும் வாயத் தொறக்கல. உனக்கு மட்டும் என்ன?"

அவர்களுக்குப் பேச்சே வராது. உதட்டைப் படிக்கத் தெரிந்து தொலைத்ததற்காக என்னையே நொந்துகொண்டேன்.

இன்று துணி ஃபேக்டரியிலிருந்து சூப்பர்வைசர் வந்தார். ஒரே ஒரு ஆள் வேண்டுமாம், தங்க இடமும் உண்டாம். அண்ணன் வீட்டில் அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு "தண்டச்சோறு" என்பாள். பக்கவாட்டில் பார்த்தாலும் அந்த உதடு எனக்குப் புரியும். இந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும்.

சட்டையின் பக்கத் தையலை ஓட்டிக் கொடுத்தேன். அவர் லேசாக இழுத்தார். துணி வாயைப் பிளந்தது. கீழ்நூல் எப்போதோ தீர்ந்திருந்தது.

டீச்சர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். "பாவம் சார், இதுங்களுக்கு இவ்ளோதான் வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷினைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, ரப்பரையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். "சார், இன்னொரு சட்டை தைக்கிறேன், பாருங்க!" என்று கத்திவிட்டு உட்கார்ந்தேன். கைக்கு உயிர் வந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. நடுவில் நூல் தீர்ந்தது உடனே தெரிந்தது, மாற்றினேன். ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி திரும்பினேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. டீச்சர் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க அவரு?"

"போயிட்டாரு. கெளம்பறப்போ, தச்ச வரைக்கும் கொண்டாந்து காட்டச் சொன்னாரு. இங்கேருந்து எத்தனை தடவ கூப்பிட்டேன்! திரும்பிக்கூடப் பாக்கல நீ. இவ்ளோ நல்லாப் பேசுறவளுக்குக் காது மட்டும் கேக்காதா, இவ்ளோ திமிரு ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

கூப்பிட்டாளாம். நாலு எட்டு வைத்து வந்து என் தோளைத் தொட அந்த மகராசிக்கு மனசு வரவில்லை.